கியர் பொக்ஸை இறக்குவதற்கு முன் கிளச் ராட் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து பாருங்கள்

தம்பலகாமத்தில் அரிசி ஏற்றித் தம்புள்ளைக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் என் வேலை. மாரி மழை தொடங்கிய நேரம், ரிவேர்ஸ் போடும்போது லொறி 'கர்ர்' என்று கத்தத் தொடங்கியது. பெடலை மிதித்து மூன்று விநாடி பொறுத்துப் போட்டால் சத்தமில்லாமல் விழுந்தது. அதனால் அப்படியே ஓட்டினேன். கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் விழவைக்கும் பித்தளை வளையம்தான் சிங்ரோ ரிங்; என் லொறியில் ரிவேர்ஸுக்கு அது கிடையாது. பெடலை மிதித்தும் கிளச் என்ஜினைக் கொஞ்சம் விடாமல் போனாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கியர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் போயிருக்கும். ஹபரணை தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் இரவில் திரும்பி வருகிறேன், நடுரோட்டில் யானை. பின்னுக்கு எடுக்கலாம் என்றால் ரிவேர்ஸ் விழவே இல்லை. பெடல் அடிவரை போய்விட்டது, லிவர் உள்ளே போக மாட்டேன் என்கிறது. வேறு வழி தெரியாமல் என்ஜினை நிறுத்தினேன். உடனே ரிவேர்ஸ் தன்பாட்டில் விழுந்தது. கியரில் வைத்தபடியே பெடலை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் அடித்தேன். லொறி குலுங்கிக் குலுங்கிப் பின்னால் நகர்ந்தது. யானை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கியது. எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கந்தளாய்க் கடைத் தேநீர் வேண்டியிருந்தது.

என்ஜின் ஓடாதபோது எல்லாக் கியரும் லேசாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழாவிட்டால், குறை பெரும்பாலும் கியர் பொக்ஸில் இல்லை. கிளச் விடவில்லை என்று அர்த்தம்.

அடுத்த நாள் டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். லொறிக்கு அடியில் குனிந்தும் பார்க்காமல், பொக்ஸை இறக்கி கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பிளேட் போட்டு ஒரு வருசம்தான். மனம் ஒப்பவில்லை. பாலம் தாண்டிக் கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன்.

"கிளச் வழுக்குதா தம்பி?"

"இல்ல நானா, லோட்டோட ஏத்தத்தில நல்லா இழுக்குது."

"அப்ப பிளேட்டில கை வைக்காதீங்க. முதல்ல கீழ ராட் எவ்வளவு தள்ளுதெண்டு பாப்பம்."

என்னை மேலே இருத்திவிட்டு, அடிமட்டமும் சோக்குமாக நானா அடியில் படுத்தார். பெடலை மிதித்தால் மேல் சிலிண்டர் பிரேக் ஒயிலை லைன் வழியாகக் கீழ்ச் சிலிண்டருக்குத் தள்ளும், அதன் ராட் தள்ளித்தான் கிளச் விடும். அந்தக் கீழ்ச் சிலிண்டர் ராட்டில் ஒரு கோடு போட்டார். ஒருமுறை மிதித்தேன். 9 மில்லிமீட்டர். விடாமல் மூன்று முறை அடித்து மிதித்தேன். 15. அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். பிடித்திருக்கப் பிடித்திருக்க, அந்தச் சோக்குக் கோடு மெல்ல மெல்லப் பின்னால் வந்தது.

அடித்து மிதிக்கும்போது ராட் கூடுதலாகத் தள்ளினால், லைனில் எயார் இருக்கிறது, அல்லது மேல் சிலிண்டரின் ரப்பர் ஒயிலைப் பிடிக்காமல் உள்ளுக்குள்ளேயே விடுகிறது. ராட் முழுக்கத் தள்ளியும் கிளச் விடாவிட்டால்தான் பொக்ஸை இறக்க வேண்டும். அப்போது ராட் தள்ளுகிற ஃபோர்க் வளைந்திருக்கலாம், பொக்ஸ் தண்டின் பல்லில் (ஸ்பிளைன்) பிளேட் பிடித்திருக்கலாம், அந்தத் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பெயரிங் இறுகியிருக்கலாம்.

கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தார், ஈரம் இல்லை. கெபினுக்குள் பெடலடியிலும் ஒயில் இல்லை. கீழ்ச் சிலிண்டரில் எயார் எடுக்கும் நிப்பிளைத் திறந்தபோது வந்த ஒயில் வெறும் தேத்தண்ணி நிறம். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் ஓடும் லொறிக்கு வருசக்கணக்கில் அதை மாற்றாமல் விட்டது என் பிழை. மேல் சிலிண்டரைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். துருவால் அரித்த குழிகள் நகத்தில் தட்டுப்பட்டன. ரப்பர் கிட் மட்டும் போடலாமா என்று கேட்டேன். புது ரப்பரையும் அந்தக் குழி அறுத்துவிடும் என்று நானா மறுத்துவிட்டார். புதுச் சிலிண்டர் வாங்கினோம்.

எயார் எடுப்பதுதான் பெரும் பாடு. ஒரு மணித்தியாலம் மிதித்தும் பெடல் பஞ்சு போலவே இருந்தது. லைன் ஒரு இடத்தில் மேலே வளைந்து இறங்குகிறது, எயார் அங்கேயே தங்கிவிடுகிறது. கடைசியில் நானா ஒயில் கேனில் குழாயை மாட்டி, கீழ் நிப்பிள் வழியாகப் புது பிரேக் ஒயிலை மேல்நோக்கித் தள்ளினார். மேலே ஒயில் டப்பாவில் எயார் குமிழி குமிழியாக வந்து நின்றது. எயார் மேலே போகத்தானே பார்க்கும். அந்த டப்பாவில் பிரேக் ஒயில் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். ஸ்டியரிங் ஒயில் ஊற்றினால் ரப்பரெல்லாம் ஊதி, மொத்தமாக மாற்ற வேண்டி வரும்.

பெடலின் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று அசைவும் வைத்தார். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாமல் அழுத்தம் லைனில் தங்கி, கிளச் வழுக்கத் தொடங்கும். திரும்ப அளந்தோம். முதல் மிதியிலேயே 16. ரிவேர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது.

இரண்டாம் கியர் மட்டும் இன்னும் சரியில்லை. கியர் ஒயிலை இறக்கியபோது பித்தளைத் தூள் மினுங்கியது. நான் விடாமல் திணித்து ஓட்டிய அந்த ஒரு மாதத்தில் சிங்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து சீனக்குடா தாண்டும்வரை, நியூட்ரலில் ஒருமுறை கிளச்சை விட்டு, மறுபடி மிதித்துத்தான் இரண்டாம் கியர் போடுகிறேன். அந்த ரிங்குக்காகப் பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். அறுவடை லோட் முடியட்டும் என்று நானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.