மாவு மில்லில் பூட்டான்

மதுரை மாட்டுத்தாவணியில் காய்கறி, அப்புறம் சைக்கிள் பஞ்சர், கடைசியாக மாவு மில். முன்னால் வந்தவர் மிளகாய் அரைத்துவிட்டுப் போனதில் எல்லாருக்கும் தும்மல். மில் அண்ணன் கேட்காமலேயே தன் சாக்கிலிருந்து ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, காரம் போன பிறகுதான் எங்கள் கோதுமையைக் கொட்டினார். அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை. நன்றிண்ணே.

காத்திருந்த நேரத்தில் மகள் நோட்டைப் பிரித்தாள். பள்ளியில் அவளுக்குக் கொடுத்த நாடு பூட்டான். அங்கே 'எமா தட்சி' என்று மிளகாயையே காய் மாதிரி போட்டு, பாலாடைக்கட்டியோடு வேகவைப்பார்களாம். நாட்டில் 60 சதவீதம் காடு இருந்தே ஆக வேண்டும் என்று 2008 அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தலைநகர் திம்புவில் டிராஃபிக் சிக்னலே இல்லை; போலீஸ்காரர் கைகாட்டித்தான் வண்டிகள் போகும்.

"நம்ம கோரிப்பாளையம் நெரிசல்ல போலீஸ்காரர் அப்படி நின்னா என்னப்பா ஆகும்?" என்றாள். மில் அண்ணன்தான் முதலில் சிரித்தார்.