தொடாமல் திரும்பி வந்த பேட்டரி

“நீடாமங்கலம் கேட்டுல மாட்டிக்காமப் பாத்துக்கங்க தம்பி.”

கும்பகோணத்தில் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன் நான். கடைசியாக இதைத்தான் சொன்னேன், நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி. பானெட்டை மூடிவிட்டு, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிப் பக்கம் போகிற யாரிடமும் எவரும் சொல்கிற வார்த்தைதான். பொண்ணு பார்க்கப் போகிறவர்களிடமும் சொல்வோம், துக்கத்துக்குப் போகிறவர்களிடமும் சொல்வோம். அதில் என்ன இருக்கிறது என்று நானும் பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஐப்பசி மழை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சின்ன பெட்ரோல் கார். பின்சீட்டில் தம்பியின் அம்மா, கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு. மீட்டர் போர்டில் பேட்டரி லைட் எரிகிறது என்று வந்தார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 11.9 காட்டியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் ஏறவில்லை. மெயின் ஃபியூஸ் நன்றாக இருந்தது, கப்ளரில் பாசி பிடிக்கவில்லை, பெல்ட்டும் சரி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவுக்குள், வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் போயிருக்க வேண்டும். அந்த மாடலுக்குரிய ரெகுலேட்டர் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர்ஸ் கடை எதுவும் திறந்திருக்காது, திறந்திருந்தாலும் அது திருச்சியிலிருந்து வர வேண்டிய சாமான்.

பெல்ட் நன்றாக இருந்ததால்தான் அனுப்பலாமா என்று யோசிக்கவே ஆரம்பித்தேன். பேரிங் இறுகி பெல்ட் அறுந்திருந்தால் பேச்சே இல்லை. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, பத்து கிலோமீட்டர் தாண்டுவதற்குள் இன்ஜின் கொதித்துவிடும்.

நடுவில் ஒன்று. என்னிடம் வருவதற்கு முன்னால் வழியில் யாரோ ஒருவர், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டெஸ்ட்’ பண்ணியிருக்கிறார். சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கட்டவுட் டப்பா டைனமோவுக்கு வெளியே தனியாக இருந்த காலத்துப் பழக்கம் அது. இன்றைய வண்டியில் டைனமோ வேலை செய்துகொண்டிருக்கும்போது அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரே போய்விடலாம். தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். சார்ஜ் ஏறாத வண்டியை ஓட்டுவது, வயலில் விளைச்சல் இல்லாமல் குதிரில் இருக்கிற நெல்லை மட்டும் அள்ளித் தின்பதுதான். குதிரில் எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரில் இருந்தது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், காயில், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து சுமாராக 10 ஆம்ப்ஸ் இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இன்னொரு 10. வைப்பர் நாலைந்து. ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் அதற்கும் மேல். ஆக 25. முப்பத்தைந்தை இருபத்தைந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் வருகிற மாதிரி இருக்கும், ஆனால் வராது. பேட்டரி மேல் எழுதியிருக்கிற 35 என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கிற கணக்கு. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு தராது. முழு சார்ஜ் ஏற்றியிருந்தாலே ஒரு மணி நேரத்தை நம்பலாம், அவ்வளவுதான்.

அவர்கள் போக வேண்டியது திருத்துறைப்பூண்டி. வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, கோட்டூர் வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர். மழையில், இருட்டில், நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரம். கரண்ட் இல்லாமலே இன்ஜின் ஓடுகிற, அதைக் கையால் இழுத்து நிறுத்துகிற ஸ்டாப்பர் வைத்த பழைய டீசல் வண்டியாக இருந்தால் பகலில் பேட்டரியே இல்லாமல்கூட ஊர் போய்ச் சேரலாம், தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிட்டால் போதும். இது அப்படிப்பட்ட வண்டி இல்லை.

“அம்மாவை டாக்ஸியில கூட்டிட்டுப் போங்க, வண்டி இங்க நிக்கட்டும்” என்று நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன். “டாக்ஸிக்கும் குடுத்து, நாளைக்கு மறுபடி வந்து வண்டியும் எடுக்கணுமாண்ணே?” என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இந்த இடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அவருடைய பேட்டரியை முடிந்தவரை சார்ஜில் போட்டேன். வருகிறவர்களுக்கு இரவலாகக் கொடுக்கிற என் சர்வீஸ் பேட்டரி ஒன்று, முழு சார்ஜில் இருந்ததை டிக்கியில் ஏற்றினேன். அட்வான்ஸ்கூட வாங்கவில்லை. மன்னார்குடியில் ஏதாவது பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் நிறுத்தி, பேட்டரியை மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது ஏற்பாடு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் கொடுத்தேன். எர்த்தை, அதாவது மைனஸை, முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும் என்று செய்து காட்டினேன். பிளஸ் முனையில் சிவப்பு டேப் சுற்றினேன். ஏசி வேண்டாம், பாட்டு வேண்டாம், போன் சார்ஜ் வேண்டாம், ஹெட்லைட்டை மட்டும் அணைக்கவே கூடாது என்றேன். வலங்கைமான் தாண்டி சில இடங்களில் ரோட்டை ஒட்டியே வாய்க்கால் வரும்.

“எவ்வளவு தூரம்ணே தாங்கும்?”

“தூரம் கணக்கில்ல தம்பி. நேரம்தான் கணக்கு. நின்னாலும் அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டேதான் இருக்கும்.”

“இடையில ஆஃப் பண்ணலாமா?”

“பண்ணாதீங்க. திரும்ப எடுக்குமான்னு சொல்ல முடியாது.” அப்புறம்தான் அந்தக் கேட் விஷயம்.

ராத்திரி போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அண்ணே, வந்துட்டோம்! ஒன்னேகால் மணி நேரம். உங்க பேட்டரியைத் தொடவே இல்ல!”

எனக்குப் புரியவில்லை. மன்னார்குடியில் மாற்றவில்லையா என்று கேட்டேன். மழையில் எங்கே நிறுத்துவது, பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் என்ன செய்வது, அதனால் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டாராம். நேரம்தான் கணக்கு என்று நான்தான் சொன்னேனாம். “கேட்டுல மணி அடிச்சுட்டான்ணே. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, பூந்துட்டேன். எனக்குப் பின்னாடியே இறங்கிடுச்சு.” கோட்டூர் தாண்டி லைட் மங்கி, வைப்பர் நகர்ந்து நகர்ந்து போய், ஸ்டீரிங் இறுகிவிட்டதாம். கரண்டில் ஓடுகிற பவர் ஸ்டீரிங், வோல்ட் இறங்கினால் விட்டுவிடும். ஊர் பக்கம்தானே என்று அப்போதும் நிறுத்தவில்லை. பின்னால் அம்மா குரல் கேட்டது. “அந்த எலக்ட்ரீசியனா? நல்லா இருக்கட்டும்.”

கண் ஆபரேஷன் ஆன அம்மா. குலுங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

நான் பேட்டரி கொடுத்தது அவசரப்படாமல் போவதற்காக. டிக்கியில் இன்னொரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் சும்மா கிடந்தது. அதை வைத்துக்கொண்டு விரட்ட வேண்டிய அவசியம் என்ன? நான் என்ன, கேட்டில் நுழையுங்கள் என்றா சொன்னேன்? மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஆயிரம் வழி இருக்கிறது. முன்னாடியே விசாரித்திருக்கலாம்.

ஆனால் எந்த வழி? அந்தக் கேட்டை நமக்குத் தெரியாதா. மன்னார்குடி லைன் பிரிகிற இடம், நெல் ஏற்றுகிற சரக்கு ரயிலும் அங்கேதான். போட்டால் எப்போது தூக்குவார்கள் என்று கேட் கீப்பருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கேட்டில் மாட்டாமல் போவது டிரைவர் கையில் இல்லை, பாய்ந்தால் ஒழிய.

அடுத்தது ஆஃப் பண்ணாதே என்றது. எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வது, எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் சொன்னது. ஒருநாள் கடையில் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேட்டில் இருபது நிமிஷம் ஐடிலில் நின்றால், லைட்டை டிம் பண்ணி வைப்பரை அணைத்தாலும், 10 ஆம்ப்ஸ் கணக்கில் மூன்று ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். செல்ஃப் 150 ஆம்ப்ஸ் இழுக்கட்டும், ஆனால் இழுப்பது ஒன்றிரண்டு செகண்ட்தான். அதைக் கணக்குப் பண்ணினால் ஒரு ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதாவது கேட்டில் அணைத்துவிட்டு நிற்பதுதான் மிச்சம். அரை டல்லான பேட்டரி செல்ஃபுக்குப் படுத்துவிடும் என்பது நிஜம்தான், நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். ஆனால் இந்தத் தம்பியிடம் மாற்றுப் பேட்டரி இருந்ததே. எடுக்காவிட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான், முன்னும் பின்னும் நூறு வண்டி நிற்கிற இடம், கை கொடுக்க ஆள் கிடைக்காமலா போகும்?

இப்படி யோசித்தால் கேட்தான் அந்தப் பயணத்திலேயே பத்திரமான நிறுத்தம். அதைப் போய் நான் பயப்பட வேண்டிய இடமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அந்த நேரத்தில் அவரிடம் இவ்வளவு கணக்கைச் சொல்லியிருந்தால் ஏறியிருக்குமா? ஏற்கெனவே எர்த், பிளஸ், ஸ்பேனர், ஏசி, பங்க் என்று தலை நிறைய அடைத்துவிட்டேன். அதில் அவர் எடுத்துக்கொண்டது இரண்டு: நேரம், கேட். மாற்றுகிற வேலையை நான் செய்து காட்டினேனே தவிர, அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்து ஒரு தடவை செய்ய வைக்கவில்லை. இன்னும் இரண்டு வண்டி காத்துக்கொண்டிருந்தது, மழை வேறு. கார் ஓட்டுகிற ஒருவருக்கு பேட்டரி மாற்றப் பயமாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

டாக்ஸி விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். எனக்கு உறுத்துவது கேட்டைவிட அதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது. வண்டியை விட்டுப் போயிருந்தால் வேலை எனக்கு. ஊருக்குக் கொண்டுபோனால் வேலை அங்கே இருக்கிறவருக்கு. அப்படித்தான் நடந்தது, திருத்துறைப்பூண்டியில்தான் ரெகுலேட்டர் போட்டார்கள். ஆக, காசுக்காக நான் எதுவும் செய்யவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம். ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஏன் வற்புறுத்தவில்லை? “விட்டுட்டுப் போங்க” என்று இரண்டாம் தடவை சொன்னால், வேலையைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைப்பார். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். எங்கள் தெருவில் அந்தப் பெயர் வாங்கினவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு எது நல்லதோ அதுவே நமக்கும் லாபமாக இருந்துவிட்டால் அதை அழுத்திச் சொல்ல வாய் வருவதில்லை. சர்வீஸ் பேட்டரியைச் சும்மா கொடுத்தது பெரிய மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். பெரிய மனசா, நல்ல பெயரா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். தப்பு என்றும் சொல்ல மாட்டேன். வயசானவர், கண் கட்டோடு, மழையில், ராத்திரி வீட்டில் படுக்க வேண்டும் என்றால் நான் வேறு என்ன செய்வது?

அடுத்த வாரம் பேட்டரி திரும்பி வந்தது, சிவப்பு டேப்கூடப் பிரியாமல். கூடவே ஒரு பை மாப்பிள்ளைச் சம்பா அரிசி. கேட்டைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவர் என் பையனிடம் அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். “அண்ணன் சொன்னது அப்படியே நடந்துச்சு.” டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போதெல்லாம் சார்ஜ் ஏறாத வண்டியை ராத்திரியில் அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி சொல்லித்தான் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வந்தார். அதே கோளாறு, பொழுது சாயும் நேரம், அவரும் மன்னார்குடிப் பக்கம். வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள், காலையில் முடித்துவிடுகிறேன் என்றேன். இந்தத் தடவை இரண்டாம் முறையும் சொன்னேன், மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் என் முகத்தையும் கடையையும் ஒரு பார்வை பார்த்தார். “அவனுக்கு மட்டும் சும்மா பேட்டரி குடுத்தீங்களாமே” என்றார். பானெட்டை அவரே மூடிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கிற கடைக்குப் போய், பேட்டரியைச் சார்ஜ் போட்டு வாங்கிக்கொண்டு, அன்று ராத்திரியே கிளம்பிவிட்டார். கேட்டில் நின்றாரா என்று தெரியாது. நல்லபடியாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்.