பிச்சாவரத் திட்டுகளில் சுரபுன்னையும் தில்லையும்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் போனால் அரைமணி நேரத்தில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காட்டில் ஐம்பது திட்டுகளாவது இருக்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். துடுப்புப் படகையே கேளுங்கள். குறுகிய வாய்க்காலுக்குள் அதுதான் நுழையும், கரையை நிதானமாகப் பார்க்கவும் விடும்.

நீர் விளிம்பில் முட்டுவேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால், சேற்றில் குச்சி நட்டதுபோல் மூச்சுவேர் நீட்டியிருப்பது வெண்கண்டல். கடைசியில், மேட்டோரம் தில்லை. இங்கே கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் நாலு விரற்கடை மேடு பள்ளம் தவறினாலே நட்ட கன்று போய்விடும்.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கும். நீளத்தைப் பார்த்துப் பறிக்கக் கூடாது. காய்க்கும் முளைக்கும் நடுவே கழுத்துப்பட்டை போல ஒரு வளையம் வெளியே வரும். சுரபுன்னையில் இங்கே இரண்டு இனம்: வளையம் பெரிய இலை இனத்தில் மஞ்சளாக, சின்ன இலை இனத்தில் செம்பழுப்பாக இருக்கும். லேசாகத் திருகினால் முளை கழன்று வரவேண்டும். வரவில்லையா, விட்டுவிடுங்கள். பறித்ததை ஒரு வாரம் நிழலில் வைத்து நட்டால் நண்டுக்கடி குறையும். பசுமுளையைத்தான் நண்டு விரும்பித் தின்னும். மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும். தலைகீழாக ஊன்றிவிடாதீர்கள், கூர்முனைதான் கீழே.

இந்த இரண்டு இனமும் கலந்து தானாகவே உண்டான கலப்பினம் ஒன்று இங்கே உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நினைவாக ரைசோஃபோரா அண்ணாமலயானா என்று பெயர். முளை வைப்பது மிக அரிது. நாற்றங்கால் அதற்கு உதவாது, நிற்கும் மரத்தைக் காப்பதுதான் வழி.

நடுத்திட்டு சில இடங்களில் மொட்டையாக, உப்புப் பூத்து, உப்புமண்ணில் வளரும் உமிரிச் செடி மட்டும் படர்ந்து கிடக்கும். முன்பு கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக மரம் வெட்டிய இடங்கள் அவை. மரம் போனதும் வெயிலில் மண் காய்ந்து தாழ்ந்து, தட்டுப்போலக் குழிந்துவிட்டது. ஏறி வந்த நீர் திரும்பாமல் தேங்கி வற்ற, உப்பு ஏறிக்கொண்டே போகிறது. அங்கே கன்று நடுவது வீண்வேலை. முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால்: நடுவே ஒரு தாய் வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள், மேலே அகலம், அடியில் குறுகல். வண்டல் தூர்க்கும், அவ்வப்போது அள்ளியே ஆகவேண்டும். நீர் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு கரைச்சரிவில் வெண்கண்டல். அதன் விதைத்தோல் ஓரிரு நாள் ஊறினால் கழன்றுவிடும், பிறகு மேலாக அழுத்தினால் போதும். கொள்ளிடத்தில் வெள்ளம் இறங்கும் மழைக்காலமே இதற்குப் பருவம், உப்பு இறங்கியிருக்கும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரத்தைத் தேடிப் பாருங்கள், ஆனால் கிளையை ஒடிக்காதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு: நீண்ட பூச்சரம் ஆண், குட்டைச்சரம் பெண். விதை பெண்ணில் மட்டுமே. மூன்று புடைப்புள்ள காய் வெடித்துச் சிதறுவதற்கு முன் பறித்து, உடனே விதைக்க வேண்டும். பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. ஆகவே ஒரு திட்டில் ஒற்றைத் தில்லையை நடாதீர்கள், ஏழெட்டாவது சேர்த்து நடுங்கள்.