பேட்ச் டெஸ்ட்: அளக்கிற கருவியை அளந்த கதை

எண்ணூர்ப் பக்கம் கப்பல் கால்வாயின் ஆழம் அளக்கும் வேலை. வாடகைப் படகில் மல்டிபீம் எக்கோ சவுண்டரையும் (பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் அனுப்பி, எதிரொலியால் ஆழம் அளக்கும் கருவி) மோஷன் சென்சாரையும் பொருத்தினோம். படகு எவ்வளவு சாய்கிறது, ஏறி இறங்குகிறது என்று சென்சார் துல்லியமாகச் சொல்லும். ஆனால் அது சொல்வது தன்னுடைய சாய்வை மட்டும். பக்கவாட்டுக் கம்பத்தில் தொங்கும் சவுண்டர் எத்தனை டிகிரி கோணலாக நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கோணலைக் கண்டுபிடிக்கத்தான் பேட்ச் டெஸ்ட்.

ஜிபிஎஸ் ஆன்டெனா, சென்சார், சவுண்டர் இடையிலான தூரங்களைக் கரையிலேயே டேப் பிடித்து எழுதியாயிற்று. தண்ணீரில் ஒலியின் வேகத்தையும் எடுத்துக்கொண்டோம்.

முக்கியமானது ரோல், அதாவது பக்கவாட்டுச் சாய்வு. 15 மீட்டர் ஆழத்தில், 60 டிகிரி சாய்வில் போகும் கற்றை 26 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். ஒரு டிகிரி பிசகினால் அங்கே ஆழம் 45 சென்டிமீட்டர் தப்பாகிவிடும். தூர்வாரிய மண்ணுக்குக் கனமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும் வேலையில் இது சின்ன விஷயமா?

சமதளமான தரைமேல் ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் திரும்ப வேண்டும். படகு ஓட்டும் அண்ணன் கேட்டார்: "வந்த வழியே போகச் சொல்றீங்களே சார், எதையாவது கடல்ல போட்டுட்டீங்களா?"

திரும்பியவுடன் பதிவைத் தொடங்கக் கூடாது. வளைவில் வரும் வேகமாற்றத்தைச் சென்சார் ஹீவ், அதாவது படகு ஏறி இறங்குவது, என்று எடுத்துக்கொள்ளும். அது அடங்கும்வரை நேராக ஓட வேண்டும். இந்தப் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை.

இரண்டு ஓட்டங்களின் குறுக்குவெட்டையும் திரையில் போட்டால், தட்டையான தரை ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து, கத்தரிக்கோல் விரித்தாற்போல் தெரிந்தது. மென்பொருளில் ரோல் கோணத்தை ஒவ்வொரு தடவையும் 0.1 டிகிரி மாற்ற மாற்ற இரண்டு கோடுகளும் நெருங்கி வந்து ஒன்றாயின. ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் மேலே. பிராக்கெட்டைப் பற்றவைத்தவர் மட்டம் பார்க்கவில்லை போலும். மென்பொருளில் தானாகக் கணக்கிடும் பொத்தானும் உண்டு. நான் கண்ணால் பார்த்த பிறகே அதைத் தொடுவேன்.

பிட்ச்சுக்கு (முன்பின் சாய்வு) கால்வாயின் சரிவில் ஒரே கோட்டில் எதிரெதிராக இரண்டு ஓட்டம். யாவுக்கு (இடவலமாகத் திரும்பியிருக்கும் கோணம்) அதே சரிவில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் ஒரே திசையில். ஜிபிஎஸ்ஸுக்கும் சவுண்டருக்கும் இடையே நேரத் தாமதம் எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் படகைக் கரையோரம் அணைக்கும்போது, இடிக்கும் என்று கம்பத்தைக் கழற்றப் போனார் அண்ணன். கழற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து! படகைத் திருப்பி, அடுத்த பக்கம் அணைத்துக் கட்டச் சொன்னேன்.