படத்தில் பெஞ்சுக்கு இரண்டு கால்

நான் வரைந்த முதல் உருப்படியான படத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. பெஞ்சுக்கு இரண்டு கால்தான். பஜ்ஜி அடுப்பு இருக்கிறது, மேலே சட்டி இல்லை. வாழைத்தார் தொங்க வேண்டிய இடத்தில் கயிறு மட்டும் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எனக்கு வரையத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பெஞ்சு விஷயத்தில் தப்பு என்மேல் இல்லை.

ஸ்கெட்ச் ஜர்னல், அதாவது டைரி எழுதுவதுபோலப் படம் வரைந்து வைக்கிற நோட்டு, என்ற பேச்சை எடுத்தவள் மகள். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாள். நான் சாயங்காலம் வந்து சோபாவில் சாய்ந்தால் செல்போனைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் பெரிய குறை. “கையால ஏதாவது செய்ங்கப்பா” என்று ஒரு நோட்டை நீட்டினாள். கெட்டி அட்டை, எலாஸ்டிக் பட்டை, உள்ளே 160 ஜிஎஸ்எம் தாள்; ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்துக்குக் கணக்கு. பள்ளிக்கூட நோட்டு 60 ஜிஎஸ்எம் பக்கம்தான் வரும். இதுவோ கலியாணப் பத்திரிகை மாதிரி விறைப்பாக இருந்தது. அந்த விறைப்பைப் பார்த்தே எனக்குக் கை ஓடவில்லை. மூன்று வாரம் அலமாரியில் கிடந்தது. ஒருநாள் அவளே திறந்து, முதல் பக்கத்து உச்சியில் பேனாவால் பிள்ளையார் சுழி போட்டாள். “போயிருச்சு. இனிமே கெடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே பழகினேன். ரப்பர் கூடாது, பேனாதான் என்பது மகளின் கட்டளை. தெரிந்ததை வரையாதே, கண்ணில் படுவதை வரை என்பது அடுத்தது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எவர்சில்வர் சொம்பின் வாய் வட்டம் என்பது யாருக்குத் தெரியாது? ஆனால் எதிரே உட்கார்ந்து பார்த்தால் நசுங்கின முட்டை மாதிரிதான் தெரிகிறது. நான் தெரிந்த வட்டத்தையே போட்டேன்; சொம்பு என்மேல் கவிழ வருவதுபோல் வந்தது. மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த மாமனாரையும் வரைந்தேன். விழித்ததும் வாங்கிப் பார்த்து, “எங்க பெரியப்பா மாதிரி இருக்கே மாப்ள, அவரை நீங்க பாத்ததே இல்லையே” என்றார். பெரியப்பா போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது.

வீட்டில் பொருள் தீர்ந்ததும் வெளியே போகச் சொன்னாள். ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்று ஒரு கூட்டம் உலகம் பூராவும் இருக்கிறதாம். 2007-இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பனாரியோ ஆரம்பித்து வைத்தது. போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, அந்த இடத்திலேயே இருந்து பார்த்து வரைய வேண்டும், படம் அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் பதிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. “அதனால மூலையில தேதி, மணி, இடம் எல்லாம் எழுதிருங்கப்பா.” நல்ல யோசனைதான். மதுரைச் சந்து ஒன்றில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்தால் என்ன ஆகும் என்று சியாட்டில்காரர் யோசித்திருக்க நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். முதலில் நினைத்தது நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது, 248 தூண். கற்றுக்குட்டிக்கு 248 ஆகாது. விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்து இருக்கிறது. அதுவும் நாயக்கர் அரண்மனையின் மிச்சம்தான், ஆனால் பத்தோடு போய்விடும். அங்கே போனால் முகூர்த்த ஜவுளிக் கூட்டம். ஒரு தூணின் கழுத்தை வரைவதற்குள் “ஓரமா நில்லுங்கண்ணே” என்று மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கிருந்து விலகி நடந்து வேறொரு சந்துக்குள் நுழைந்தேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கடைக்காரர் மறுபடி பெஞ்சைத் தூக்குவார்.

கடை எட்டடிக்கு ஆறடிதான் இருக்கும். கடைக்கு வெளியே இருந்த கடைதான் பெரிது. சாக்கடை மூடிய கல்லின் மேல் பஜ்ஜி அடுப்பு, அதைத் தாண்டிப் பெஞ்சு, பெஞ்சில் பேப்பரை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்துக்கொண்ட இரண்டு பெரியவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரை. வாசலில் பித்தளை பாய்லர். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவே குங்குமம், கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. நேற்றைய பூ; காப்பி நிறத்துக்கு வாடியிருந்தது. வரைந்தால் இதைத்தான் வரைய வேண்டும் என்று எதிரே பூட்டியிருந்த கடைப் படியில் உட்கார்ந்தேன்.

அளவு பிடிக்க ஒரு முறை இருக்கிறது. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, பேனாவை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூட வேண்டும். பேனா நுனியிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு பொருளின் உயரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் அதைப்போல எத்தனை மடங்கு என்று எண்ண வேண்டும். நான் பாய்லரை அளவாக வைத்துக்கொண்டேன். கதவு நாலு பாய்லர். கூரை தெருப்பக்கம் மூன்று பாய்லர் நீட்டிக்கொண்டிருந்தது. “முன்னாடி மூணு வருது” என்று வாய்விட்டுச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். அதுதான் வினை.

கிளாஸ் எடுக்க வந்த பையன் நின்றான். என் கையைப் பார்த்தான், மூடிய கண்ணைப் பார்த்தான், உள்ளே போனான்.

“மாமா, ஒருத்தரு அளக்குறாரு.”

“எங்குட்டு?”

நான் பாய்லரின் விபூதிப் பட்டையில் மும்முரமாக இருந்தேன். தலை நிமிர்ந்தபோது வாழைத்தாரைக் காணோம். யாரோ மொத்தமாக வாங்கிவிட்டார்கள்போல என்று நினைத்தேன். கயிற்றை வரைந்தேன். அடுப்பை வரைந்துவிட்டு நிமிர்ந்தால், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இரண்டு பேர் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். பெஞ்சின் இரண்டாவது காலுக்குக் கோடு இழுத்து நிமிர்ந்தேன். பெஞ்சும் இல்லை. பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு பேப்பரும் டீயுமாகச் சந்து நடுவில் நின்றார்கள். பக்கத்து சைக்கிள் கடைக்காரர் தன் போர்டை மெதுவாக உள்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கி ஞாயித்துக்கிழமைண்ணே, வருவாய்ங்களா?”

“ஞாயித்துக்கிழமைதாண்டா வருவாய்ங்க. கோர்ட்டு லீவு. ஸ்டே வாங்க முடியாதுல்ல?”

இதுவும் என் காதில் விழுந்தது. ஏதோ குடும்ப வழக்கு என்று விட்டுவிட்டேன். அதற்குள் பையன் ஒரு டீயும் இரண்டு உளுந்த வடையும் கொண்டுவந்து வைத்தான். “மாமா குடுக்கச் சொன்னாரு.” காசை நீட்டினால் வாங்காமல் ஓடிவிட்டான். கலைஞனுக்கு இந்த ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று நெஞ்சு நெகிழ்ந்து வடையைத் தின்றேன். வடை நன்றாக இருந்தது, மேலே மொறுமொறுவென்று, உள்ளே முழு மிளகோடு.

அப்புறம் மகள் சொன்னபடி மூலையில் தேதி எழுதி, வாட்ச்சைப் பார்த்து 10.40 என்று மணியும் போட்டேன். கடையின் பெயரை எழுதப் போர்டை எட்டிப் பார்த்தபோது முதலாளியே வந்துவிட்டார். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

“சார், தேதியெல்லாம் போட்டுட்டீங்க. எங்கப்பா காலத்துக் கடை சார். கொஞ்சம் பாத்துச் செய்ங்க.”

“பாத்துத்தான் செய்றேன். பாக்காம செய்யக் கூடாதுன்னு என் மகளே சொல்லியிருக்கா.”

அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஆக்கிரமிப்பை அளக்க வந்த கார்ப்பரேஷன் ஆள் என்று என்னை நினைத்துவிட்டார்கள். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்தார். பையன் பார்த்தான். சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரோடு வந்து பார்த்தார். பூக்கூடையோடு போன ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, பாய்லரைச் சிவலிங்கம் என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விபூதிப் பட்டையை மட்டும் நான் நன்றாகப் போட்டிருந்தேன்.

“இதுக்குப் போயி எண்ணெச் சட்டியத் தூக்கிட்டு ஓடுனமேடா” என்றார் முதலாளி. பையனின் உச்சந்தலையில் ஒன்று விழுந்தது.

அடுத்த நிமிஷமே எல்லோரும் ஓவிய நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். “கூரை ஏன் சாயுது?” என்றார் சைக்கிள் கடைக்காரர். கண்மட்டத்துக்கு மேலே இருக்கிற கோடெல்லாம் தூரம் போகப்போகக் கீழே இறங்கும் என்று, படித்ததை ஒப்பித்தேன். பெரியவர்களில் ஒருவர் குறுக்கிட்டார். “கோடு என்ன கோடு. அது நெசமாவே சாஞ்சுதான் கெடக்கு. மழைத்தண்ணி வடியணும்ல?”

பெஞ்சு வெளியே வந்தது. சட்டி அடுப்பில் ஏறியது. பெரியவர்கள் விட்ட இடத்தில் உட்கார்ந்து பேப்பரை மாற்றிக்கொண்டார்கள். நானும் மிச்சம் இரண்டு காலைப் போட்டுவிடலாம் என்று பேனா மூடியைத் திறந்தேன். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெஞ்சு எங்குட்டு வரும் சார், படத்துல?”

“இருக்கிற இடத்துலதான். சாக்கடைக் கல்லுக்கு இந்தப் பக்கம்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தேதியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

“வேணாம் சார். இப்பிடியே இருக்கட்டும், அம்சமா இருக்கு” என்றவர், பையனைக் கூப்பிட்டுச் செல்போனைக் கொடுத்தார். “தேதி தெரியுற மாதிரி எடுறா. நாளப்பின்ன எவனாவது வந்து கேட்டா காட்டணும்.”

பையன் இரண்டு தடவை எடுத்தான். அப்புறம் அந்த ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் காசு வாங்கிக்கொண்டார்.