கறை ஓரிடம், ஈரம் வேறிடம்

எங்கள் வீடு டொராண்டோவில், 1930களில் கட்டியது. மாடிப் படுக்கையறையில் மேலே ஒரு மூலையில் டீ சிந்தியது போல பழுப்புக் கறை, வாங்கும்போதே இருந்தது. இந்த ஜனவரியில் "அது பெருசாகுதுங்க, கூரைக்காரரைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. கூப்பிட்டால் புதுக் கூரைதான் போடச் சொல்வார் என்று நானே இறங்கிவிட்டேன். கறையைச் சுற்றி பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. இரண்டு ஊசி உள்ள ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன், வெப்பக் கேமரா நண்பரிடம் இரவல்.

முதல் நாள் வெளியே மைனஸ் 14. வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரு 10 டிகிரியாவது வித்தியாசம் இருந்தால்தான் கேமராவில் தெளிவாகத் தெரியும், அதற்கு மட்டும் இந்த ஊர்க் குளிர் நல்லது. மூலை கருநீலமாகத் தெரிந்ததும் குதித்தேன். மீட்டரைக் குத்தினால் காய்ந்த பக்கத்தில் காட்டிய அதே எண். கேமரா காட்டுவது குளிரை, தண்ணீரை அல்ல. அங்கே வெப்பக்காப்பு இல்லை, அவ்வளவுதான். குளியலறைச் சுவரில் மீட்டர் அலறியது, பார்த்தால் பூச்சுக்குள் கம்பி வலை, உலோகத்தையும் ஈரம் என்றே மீட்டர் எடுத்துக்கொள்ளும். சுவரில் ஊசி ஓட்டைகள்தான் மிச்சம்.

இரண்டு வாரமாகியும் கறை கோட்டைத் தாண்டவில்லை. சரி என்று டார்ச்சோடு பரணில் ஏறினேன். கூரைப் பலகையைத் துளைத்து வந்திருந்த ஆணிகளின் முனைகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாய் உறைபனி, பாசிமணி கோத்தது போல. மழையும் இல்லை, ஓட்டையும் இல்லை, எல்லாம் எங்கள் வீட்டு நீராவி! குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய் கழன்று, நாங்கள் குளிக்கிற ஆவியை எல்லாம் நேராகப் பரணுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அந்த இடத்துப் பலகையில் மீட்டர் காட்டிய ஈரப்பதம் 24 சதவீதம். 20-க்கு மேல் நீடித்தால் மரம் உளுத்துப்போகலாம், அதுவும் குளிர்ந்த மரத்தில் மீட்டர் குறைத்தே காட்டும் என்பதால் உண்மையில் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

குழாயை மாட்டி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஏப்ரலில் 15. அந்தக் குளிர்ந்த மூலைக்கு வெப்பக்காப்பு போட வேண்டும், ஆனால் அங்கே பழைய வெர்மிகுலைட் (அந்தக் காலத்தில் வெப்பக்காப்புக்குக் கொட்டிய ஒரு கனிமம்) துகள்கள் மினுமினுக்கின்றன. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், பரிசோதிக்காமல் கை வைக்கப் போவதில்லை. கறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, பென்சில் கோடு லேசாகத் தெரிகிறது.