மிட்ஃபீல்டர் பயிற்சியாளர் ஆகும்போது: லைசென்ஸ் செய்முறைத் தேர்வில் கோட்டை விடும் இடங்கள்

கால்பந்தில் நடுக்களத்தில் ஆடியவர்களுக்குப் பயிற்சியாளர் லைசென்ஸ் தானாகக் கைக்கு வந்துவிடும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. குவார்டியோலா, அன்செலோட்டி, ஷாபி அலோன்சோ என்று பட்டியலும் போடுவார்கள். ஆனால் அன்செலோட்டியும் இத்தாலியக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சி மையமான கொவெர்சியானோவில் படித்து ஆய்வேடு கொடுத்தவர்தான். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவை 2023-24-இல் அவருடைய லெவர்குசன் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றதற்கு முன், அலோன்சோ ஸ்பெயினின் ரியல் சோசியேடாட் பி அணியில் 2019 முதல் 2022 வரை பயிற்சியாளராகப் பழகியிருந்தார்.

ஐரோப்பாவில் யூஈஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) தரும் பி லைசென்ஸுக்குக் குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, ஏ-க்கு 180, ப்ரோவுக்கு 360. எழுத்து வேலையை எப்படியும் தேற்றிவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது, தேர்வாளர் முன் ஒரு பயிற்சியை நடத்திக் காட்டும் செய்முறைதான்.

உதாரணத்துக்கு, கோல்கீப்பரிடமிருந்து பந்தை மேலே கொண்டுபோவது தலைப்பு என்று வையுங்கள். பாதி மைதானம் போதும். ஒரு பக்கம் கோல்கீப்பர், நான்கு டிஃபெண்டர்கள், ஒரு ஹோல்டிங் மிட்ஃபீல்டர் (டிஃபெண்டர்களுக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர்). எதிரே அழுத்தம் கொடுக்க நான்கு பேர். பந்தைக் கொண்டுபோகும் அணி அடிக்க நடுக்கோட்டில் இரண்டு சின்ன கோல். எதிரணி பந்தைப் பறித்தால் பெரிய கோலில் அடிக்கலாம். அது இல்லாவிட்டால் அழுத்தம் பொய்யாகிவிடும்.

முதல் தப்பு நிற்கும் இடம். பழைய பழக்கத்தில் கால் தானாக நடுவுக்குப் போகும். அங்கே நின்றால் பாதிப்பேர் முதுகுக்குப் பின்னால். பக்கக்கோட்டை ஒட்டி, எல்லாரும் கண்ணில் படும்படி சாய்வாக நில்லுங்கள்.

அடுத்தது, கண்ணில் பட்டதையெல்லாம் திருத்துவது. நிறையப் பார்க்கத் தெரிந்ததே இங்கே வினை. அந்தத் தலைப்பில் நீங்கள் எடுத்துக்கொண்டது ஹோல்டிங் மிட்ஃபீல்டரின் உடல் திருப்பம் என்றால், ஓரத்து டிஃபெண்டரின் மோசமான கிராஸை விட்டுத் தள்ளுங்கள். அந்த மிட்ஃபீல்டர் கோல்கீப்பரைப் பார்த்தபடி நேராக நின்று பந்தை வாங்குகிறாரா, பாதி திரும்பி நின்று தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்குகிறாரா? அது ஒன்றுதான் உங்கள் வேலை.

ஆட்டத்தை நிறுத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே தவறு இரண்டு மூன்று தடவை வந்த பிறகு நிறுத்துங்கள், ஆனால் அது நடந்த நொடியிலேயே. இரண்டு விநாடி தாமதித்தால் எல்லாரும் நகர்ந்திருப்பார்கள். பிறகு நீங்கள் காட்டும் படமே தப்பாக இருக்கும். பந்தைப் பழைய இடத்தில் வையுங்கள். "எங்கே ஆள் இல்லை?" என்று தவறு செய்த வீரரையே கேளுங்கள். ஒரு தடவை செய்து காட்டி, அதே பாஸை அவரை வாங்கவைத்து, அங்கிருந்தே ஆட்டத்தை ஓடவிடுங்கள். மொத்தம் அரை நிமிடம். இந்த மறு ஒத்திகையை விட்டுவிட்டு நேரே விசில் ஊதி ஆட்டத்தைத் தொடர்பவர்கள்தான் அதிகம்; கற்றுக்கொண்டாரா என்று தேர்வாளர் பார்ப்பதே அதில்தான்.

சின்ன விஷயம் என்று பந்துகளை அலட்சியப்படுத்தாதீர்கள். கோலுக்குப் பக்கத்தில் எட்டுப் பத்து பந்து தயாராக இருக்கட்டும். வெளியே போனதைத் தேடி எடுத்து வரும் நேரமெல்லாம் செய்முறைக்கு உங்களுக்குக் கொடுத்த நேரத்திலிருந்துதான் கழியும்.